ஒகேனக்கல்லுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: பரிசலைத் தெரிந்துகொண்டு பரிசலில் ஏறுங்கள்

ஒகேனக்கல் போய்வந்தவர்களைக் கேட்டால் மூன்று விஷயம் சொல்வார்கள். அருவியில் குளித்தோம், மீன் சாப்பிட்டோம், பரிசலில் போனோம். பரிசலைப் பற்றி அதற்கு மேல் கேட்டால் போனில் ஒரு படத்தைக் காட்டுவார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நான் பென்னாகரம் பக்கத்துக்காரன். சிறுவயதிலிருந்து இந்தக் கரையைப் பார்த்து வளர்ந்தவன். அருவி எத்தனையோ ஊரில் இருக்கிறது. ஆனால் மூங்கிலைப் பிளந்து, ஒரு நாளில் ஒரு படகைப் பின்னி, அதில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பாறைக்கும் சுழலுக்கும் நடுவே போய்வருகிற ஊர்கள் மிகக் குறைவு. இங்கே வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதனால்தான் இந்த வழிகாட்டி. முதல்முறை வருகிறவர் எதை முதலில் செய்ய வேண்டும், எங்கே நிற்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை: தண்ணீர் எவ்வளவு என்று பாருங்கள்

துணிமணி எடுத்து வைப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுமா, குளிக்க விடுவார்களா என்பதை நாள்காட்டியை வைத்துச் சொல்ல முடியாது. ஆற்றில் வருகிற தண்ணீரை வைத்துத்தான் சொல்ல முடியும். நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடும். தடை ஒரு நாளும் இருக்கலாம், வாரக்கணக்கிலும் நீளலாம்.

இந்த அளவு எங்கே எடுக்கப்படுகிறது தெரியுமா? ஒகேனக்கல்லுக்கு மேலே, கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில். மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் அங்கே இருக்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தண்ணீர் தர வேண்டும். அந்தக் கணக்கு பார்க்கப்படுவதும் அதே பிலிகுண்டுலுவில்தான். டெல்டா விவசாயி பார்க்கும் எண்ணும், பரிசல் ஏற வந்த குடும்பம் பார்க்கும் எண்ணும் ஒன்றுதான் என்று நினைக்கும்போது எனக்கு இந்த ஆறு இன்னும் நெருக்கமாகிவிடும்.

செய்திகளில் ‘ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கனஅடி’ என்று வரும். ஒரு கனஅடி என்பது சுமார் 28 லிட்டர். 10,000 கனஅடி என்றால் ஒவ்வொரு விநாடியும் சுமார் 2 லட்சத்து 83 ஆயிரம் லிட்டர் தண்ணீர் உங்களைத் தாண்டி ஓடுகிறது. 2018, 2022 ஆகஸ்ட் மாதங்களில் இது 2 லட்சம் கனஅடியை ஒட்டி வந்தது. அப்போது போனால் அருவி என்று ஒன்று கண்ணுக்கே தெரியாது. பாறையெல்லாம் மூழ்கி, கரைக்குக் கரை செந்நிறத் தண்ணீர்தான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை குடகிலும் வயநாட்டிலும் மழை வலுத்தால் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகள் நிரம்பும். உபரி நீரைத் திறந்துவிட்டால் ஓரிரு நாளில் இங்கே வந்து சேரும். நம் ஊரில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், ஆற்றில் வெள்ளம் போய்க்கொண்டிருக்கும். இது புதிதாக வருகிறவர்களுக்குப் புரிவதில்லை. “மழையே இல்லையே, ஏன் தடை?” என்று காவலரிடம் வாக்குவாதம் செய்வார்கள். அந்த மாதங்களில் வருவதானால் கிளம்புகிற அன்று காலையில் கூடச் செய்தியைப் பார்த்துவிடுங்கள். நான் ஒருமுறை பார்க்காமல், கோவையிலிருந்து வந்த சித்தப்பா குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். அன்று காலைதான் தடை போட்டிருந்தார்கள். பிள்ளைகள் கரைக் கம்பியைப் பிடித்தபடி ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் மனதில் இருக்கிறது.

என் கணக்கில் அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். தண்ணீரும் இருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். கோடை விடுமுறையில் தண்ணீர் குறைவு, கூட்டம் அதிகம். சனி, ஞாயிறைத் தவிர்த்து வார நாளில் வர முடிந்தால் வாருங்கள். பரிசல் பின்னுகிறவர்கள் உங்களிடம் நின்று பேசுவதற்கு வார நாளில்தான் நேரம் இருக்கும்.

வந்து சேர்வது

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் சுமார் 46 கிலோமீட்டர். தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து நேரடிப் பேருந்து உண்டு. கிடைக்காவிட்டால் பென்னாகரம் வரை வந்து அங்கே மாறிக்கொள்ளலாம். பென்னாகரத்திலிருந்து மீதி 16 கிலோமீட்டர்தான்.

ரயிலில் வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தருமபுரி ரயில் நிலையம் ஓசூர் வழியாகப் போகும் பெங்களூரு–சேலம் பாதையில் இருக்கிறது. சென்னையிலிருந்து சேலம் போகும் பாதை தருமபுரி நகரத்தைத் தொடுவதில்லை. சென்னைக்காரர்கள் மொரப்பூரில் நிற்கும் ரயிலாகப் பார்த்து ஏறி, அங்கிருந்து பேருந்தில் தருமபுரி வரலாம்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து அஞ்செட்டி வழியாகவும் ஒரு சாலை வருகிறது. பார்க்க அழகான பாதை. ஆனால் காட்டுக்குள் நீண்ட தூரம், யானை நடமாட்டம் உள்ள இடம். முதல்முறை வருகிறவர்கள், அதுவும் இருசக்கர வாகனத்தில் வருகிறவர்கள், தருமபுரி வழியையே எடுங்கள்.

வழியில் ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டே வாருங்கள். ‘அள்ளி’ என்று முடியும் ஊர்கள் வரிசையாக வரும். அது கன்னட ‘ஹள்ளி’. ‘கொட்டாய்’ என்று முடியும் ஊர்களும் வரும். இரண்டு மொழியும் பல தலைமுறையாகச் சேர்ந்து புழங்கும் வட்டாரம் இது. ஒகேனக்கல் என்ற பெயரே கன்னடம்தான். ‘ஹொகே’ என்றால் புகை. அருவி விழுகிற வேகத்தில் சாரல் எழும்பிப் பாறையே புகைவது போலத் தெரிவதால் வந்த பெயர்.

பென்னாகரம் தாண்டினதும் காடு தொடங்கும். சாலை வளைந்து வளைந்து கீழே இறங்கும். கணவாயில் ஆஞ்சநேயர் கோயில் ஒன்று இருக்கிறது. ஓட்டுநர்கள் அங்கே நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குவார்கள். விபத்து நடக்கும் வளைவுகள் அவை, அதனால் இரண்டாவது கியரிலேயே மெதுவாக இறங்குங்கள். குரங்குகளுக்குத் தின்பண்டம் வீச வேண்டாம். வீசி வீசித்தான் அவை சாலை நடுவில் உட்காரப் பழகியிருக்கின்றன. சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு நடந்தீர்களானால் அது உங்கள் கையில் இருக்காது.

வந்ததும் அருவிக்கு ஓடாதீர்கள்: முதலில் ஊட்டமலை

எல்லோரும் இறங்கின உடனே மெயினருவியைப் பார்த்து நடப்பார்கள். நான் சொல்வது வேறு. காலை வேளை என்றால் முதலில் ஊட்டமலைப் பக்கம் போய்விட்டு வாருங்கள். பரிசல் ஓட்டுகிறவர்களும் மீன் பிடிக்கிறவர்களும் குடியிருக்கும் பகுதி அது. வீட்டு வாசலில், மரத்தடியில், சுவரில் சாய்த்து என்று எங்கே பார்த்தாலும் பரிசல்கள் கவிழ்ந்து கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பெரிய பெரிய கறுப்பு ஆமைகள் வெயில் காய்வது போல இருக்கும்.

பரிசல் என்பது வட்டமான கூடை. ஏறக்குறைய ஏழு அடி அகலம். கைதேர்ந்தவர் ஒரே நாளில் ஒன்றைப் பின்னி முடித்துவிடுவார். செய்கிற விதம் பார்க்க எளிதாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதில் எவ்வளவு கைப்பக்குவம் இருக்கிறது என்று புரியும்.

முதலில் மூங்கிலை நெடுக்காகப் பிளந்து பத்தைகளாகச் சீவுகிறார்கள். அடிக்கு அகலமான பத்தை, பக்கத்துக்கு மெலிந்தது. தரையில் பத்தைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் பின்னிக்கொண்டு போகிறார்கள். அடி தட்டையாக வந்ததும் ஓரத்துப் பத்தைகளை மேலே வளைத்துச் சுற்றிலும் பின்னுகிறார்கள். கடைசியில் வாய்விளிம்பில் பத்தைகளைக் கனமாகச் சேர்த்துக் கட்டுகிறார்கள். பரிசலின் பலம் முழுக்க அந்த விளிம்பில் இருக்கிறது. நாலு பேர் உட்கார்ந்து, பாறையில் ஒரு பக்கம் மோதினாலும் வட்டம் கோணாமல் நிற்பது அதனால்தான்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், மூங்கிலைக் காயவைத்துவிட்டுச் செய்தால் இன்னும் கெட்டியாக இருக்காதா என்று கேட்டேன். “பச்சையா இருந்தாத்தான் தம்பி வளையும். காஞ்சத வளைச்சா மடக்குன்னு ஒடியும். நம்ம இஷ்டத்துக்கு வளைச்சுட்டு அப்புறம் காயவிடணும்” என்றார். பேசிக்கொண்டிருந்தாரே தவிர கை நிற்கவே இல்லை.

பின்னி முடித்த கூடையில் தண்ணீர் நிற்காது, ஓடிவிடும். அதைப் படகாக்குவது மேல்மூடி. முன்பு மாட்டுத்தோலை இழுத்துப் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளும் சாக்கும் போர்த்தி, மேலே காய்ச்சிய தாரைப் பூசுகிறார்கள். தார் காய்வதற்குத்தான் அந்தக் கவிழ்த்துப் போடல். ஓடஓட அடியில் பாறை உரசி தார் பெயரும், ஓட்டை விழும். அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து மறுபடி தார் வைப்பது பரிசல்காரருக்கு ஓயாத வேலை.

மூங்கில்தான் இன்றைக்குப் பெரிய பாடு. சுற்றிலும் இருக்கிற காடு பாதுகாக்கப்பட்ட காடு. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014-இலும், காவிரி தெற்கு சரணாலயம் 2022-இலும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் வனப்பகுதிகளில் அறிவிக்கப்பட்டன. யானைக்கும் நீர்நாய்க்கும் அது நல்லது, வேண்டியதும்கூட. பரிசல் பின்னுகிறவர் காட்டுக்குள் போய் நினைத்தபடி மூங்கில் வெட்ட முடியாது, விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். சில ஊர்களில் ஃபைபர் பரிசல் வந்துவிட்டது. அது உழைக்கும்தான். ஆனால் பாறையில் மோதும்போது மூங்கில் கொஞ்சம் அமுங்கிக்கொடுத்து நிமிர்வதை நான் இந்தப் பரிசலில் உட்கார்ந்து உணர்ந்திருக்கிறேன். அந்தப் பின்னல் கைவிட்டுப் போகக் கூடாது என்பது என் ஆசை.

எத்தனை காலமாக இந்தப் படகு ஓடுகிறது என்று கேட்பீர்கள். 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியப் பயணி தொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் கண்ட வட்டப் படகுகளைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். கூடை போல வட்டம், உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம், தேவைப்பட்டால் குதிரையும் மாடும் கூட அதில் ஆற்றைக் கடக்கும், துடுப்புப் போட்டால் சுற்றிச் சுற்றித்தான் போகும் என்கிறார். ஐந்நூறு வருடத்துக்குப் பிறகு இங்கே கரையில் நின்று பார்த்தாலும் அதையேதான் எழுத வேண்டியிருக்கும். கன்னடத்தில் இதற்கு ஹரிகோலு என்று பெயர்.

இப்போதும் இது சுற்றுலாவுக்கு மட்டுமான படகு இல்லை. எதிர்க்கரை கர்நாடகம். மாநில எல்லை ஆற்றின் நடுவே ஓடுகிறது. அந்தப் பக்கம் இருக்கிற ஆலாம்பாடி என்ற ஊரின் பெயரில்தான் ஆலாம்பாடி மாட்டினம் அறியப்படுகிறது. இக்கரைக்கும் அக்கரைக்கும் சொந்தம், சந்தை, கோயில் என்று போக்குவரத்து எப்போதும் இருந்தது, அதைச் சுமந்தது பரிசல். கீழே ஏரியூர்ப் பக்கம் ஒட்டனூர், நாகமரை ஊர்களில் மேட்டூர் அணையின் தேக்கத்தைத் தாண்டிச் சேலம் மாவட்டக் கரைக்குப் போக இன்றும் நீர்வழியை நம்பியிருக்கிறார்கள்.

ஊட்டமலைக்குப் போகும்போது சில விஷயம். அது மக்கள் குடியிருக்கிற தெரு. ஒருவர் வாசலில் நின்று படம் எடுப்பதற்கு முன் “எடுத்துக்கலாங்களா” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். புதிதாகத் தார் பூசிய பரிசலைத் தொடாதீர்கள், அதன் மேல் உட்காராதீர்கள். ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு உங்களுக்காக அரை மணி நேரம் விளக்கிச் சொன்னார் என்றால், கிளம்பும்போது அவருடைய நேரத்துக்கு உரியதைக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். நாள் கூலியை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் அவர்கள். தடைக்காலத்தில் அந்தக் கூலியும் கிடையாது.

பரிசலில் ஏறுவது

இப்போது பரிசல் துறைக்கு வரலாம். சின்னாறு துறை, மாமரத்துக்கடவு துறை என்று துறைகள் உண்டு. எந்தத் துறையிலிருந்து எந்த வழியாகப் போவது என்பது அன்றைய தண்ணீரைப் பொறுத்து மாறும். மெயினருவி, பெரியபாணி, மணல்திட்டு என்ற பெயர்கள் காதில் விழும். பாதையில் வரும் இடங்கள் இவை.

கட்டணம் அரசு நிர்ணயித்தது. சீட்டு கொடுக்கும் இடத்தில் பலகையில் எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு அங்கேயே பணம் கட்டுங்கள். வழியில் வந்து “நான் குறைச்சலா கூட்டிட்டுப் போறேன்” என்று அழைப்பவரோடு போக வேண்டாம். விலை பற்றிய யோசனையில் சொல்லவில்லை. சீட்டு இல்லாமல் போனால், போன பரிசலும் அதில் இருந்தவர்களும் எந்தக் கணக்கிலும் இருக்க மாட்டார்கள்.

ஒரு பரிசலுக்கு நான்கு பேர்தான். ஆறு பேராக வந்திருந்தால் இரண்டு பரிசல் எடுங்கள். ‘பிள்ளைகள்தானே, மடியில் வைத்துக்கொள்கிறோம்’ என்று கெஞ்சாதீர்கள். லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் கட்டாயம். போட்டுக்கொண்டால் போதாது, வயிற்றுப் பக்கத்து வாரை இழுத்துக் கட்டியிருக்கிறதா, தோளைப் பிடித்துத் தூக்கினால் கழுத்துக்கு ஏறுகிறதா என்று ஒவ்வொருவருக்கும் பாருங்கள். ஏறினால் இன்னும் இறுக்குங்கள். குழந்தைக்குப் பெரியவர் அளவைப் போட்டு விடாதீர்கள், சின்ன அளவு கேட்டு வாங்குங்கள். இந்த ஆற்றில் பரிசல் கவிழ்ந்து குடும்பத்தோடு போனவர்கள் உண்டு. அந்தக் கரையில் அழுத குரலைக் கேட்டவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஏறும்போது ஒவ்வொருவராக, பரிசல்காரர் சொல்கிற வரிசையில், காலைப் பரிசலின் நடுவில் வைத்து ஏற வேண்டும். விளிம்பில் காலை வைத்தால் பரிசல் ஒரு பக்கமாகச் சாயும். ஏறினதும் குத்துக்காலிடாமல் அடியில் நன்றாக உட்கார்ந்துவிடுங்கள். கனமானவர்கள் எதிரெதிரே. பரிசல்காரர் ஓர் ஓரத்தில் இருந்து ஒற்றைத் துடுப்பால் தண்ணீரைத் தன் பக்கமாக இழுப்பார். இந்தப் படகுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, மற்றப் படகுகளுக்கு அடியில் முதுகெலும்பு போல நீளமாக ஓடும் கீல் என்ற கட்டையும் கிடையாது. துடுப்பை ஒரு பக்கம் மட்டும் போட்டால் பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றும். இடமும் வலமும் மாற்றி மாற்றிப் போட்டால்தான் நேராகப் போகும். கை எப்படி மாறுகிறது என்று கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள்.

கீல் இல்லாததும் அடி தட்டையாக இருப்பதும்தான் இந்த ஆற்றுக்குப் பொருத்தம். முழங்கால் அளவுத் தண்ணீரிலும் பரிசல் மிதக்கும். வேறு படகாக இருந்தால் அடி தட்டி நின்றுவிடும் பாறை மேல் இது வழுக்கிக்கொண்டு போய்விடும். தண்ணீர் இல்லாத இடம் வந்தால் எல்லோரும் இறங்கிக்கொள்வார்கள். பரிசல்காரர் அதைத் தூக்கித் தலைமேல் குடை போலக் கவிழ்த்துக்கொண்டு பாறையில் நடந்துபோய் அந்தப் பக்கம் போடுவார். இத்தனை பாறையும் பிளவும் உள்ள ஆற்றில் வேறு எந்தப் படகாலும் இது ஆகாது.

நடு ஆற்றில் சிலர் பரிசலைப் பம்பரம் போலச் சுற்றிக் காட்டுவார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். தலைசுற்றல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருந்தால் ஏறும்போதே “அண்ணா, சுத்த வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள். கேட்டுக்கொள்வார்கள். எழுந்து நின்று படம் எடுக்கக் கூடாது. கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டும் வரக் கூடாது, பாறை இடுக்கில் விரல் சிக்கும். அப்புறம் இந்த ஆற்றில் முதலையும் உண்டு.

செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே பரிசல் நுழையும்போது பேச்சு தானாக நின்றுவிடும். இரண்டு பக்கமும் மேலேயிருந்து தண்ணீர் கம்பி கம்பியாக விழுந்துகொண்டிருக்கும். இந்த வட்டாரத்தில் கார்பனடைட் என்ற அரிய பாறை கிடைக்கிறது. அதன் வயதைச் சுமார் 240 கோடி ஆண்டுகள் என்று நிலவியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பரிசல்காரரிடம் ஒவ்வொரு பாறைக்கும் மடுவுக்கும் என்ன பெயர் என்று கேளுங்கள். வரைபடத்தில் இல்லாத பெயர்கள் எல்லாம் வரும். எந்தப் பாறை மூழ்கினால் எந்த வழியில் போகக் கூடாது என்று அவர்கள் அப்பாவிடமிருந்து கற்றது அந்தப் பெயர்களோடு சேர்ந்தே வரும். நான் கேட்ட சிலவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் எழுதி வையுங்கள்.

‘இன்றைக்கு அந்தப் பக்கம் போக முடியாது’ என்று பரிசல்காரர் சொன்னால் விட்டுவிடுங்கள். கூடுதல் பணம் தருகிறேன் என்று ஆசை காட்டாதீர்கள்.

எண்ணெயும் குளியலும்

பரிசலில் போய்வந்த பிறகு குளிப்பதே நல்லது. இங்கே எண்ணெய் மசாஜ் பேர்போனது. கையில் எண்ணெய்க் குப்பியோடு வந்து கேட்பார்கள். என்ன எண்ணெய், எவ்வளவு நேரம், எவ்வளவு பணம் என்று உட்காருவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். முதுகுவலி, எலும்பு முறிவு இருந்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நன்றாகவே அழுத்துவார்கள்.

குளிக்க ஒதுக்கிய இடத்தில், கம்பிக்கு உள்ளே மட்டும் குளியுங்கள். எண்ணெய்க் காலோடு ஈரப் பாறையில் நடப்பது ரொம்ப ஆபத்து. பாசி கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய் தேய்த்த இடத்திலிருந்து அருவி வரை ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு போங்கள். ‘ஆழமான பகுதி’ என்று பலகை வைத்த இடங்களில் தண்ணீர் அமைதியாக, குளம் போலத் தெரியும். மேலே அசையாத இடத்தில்தான் கீழே சுழல் இழுக்கும். நீச்சல் தெரிந்த இளைஞர்களும் இங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். கிணற்றில் கற்ற நீச்சல் இந்தப் பாறை ஆற்றில் உதவாது.

மெயினருவியில் கூட்டம் அதிகமாக இருந்தால் சினி அருவிப் பக்கம் பாருங்கள். தொங்குபாலத்திலிருந்து பார்த்தால் ஐந்தருவி உட்பட அருவிகள் பிரிந்து விழும் காட்சி நன்றாகத் தெரியும். குளிக்கும் இடத்தில் சோப்பு, ஷாம்பு போடாதீர்கள், ஷாம்புப் பாக்கெட்டை ஆற்றில் விடாதீர்கள். இதை ஒழுங்குக்காக மட்டும் சொல்லவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் காவியேறி, எலும்பு வளைந்து கஷ்டப்பட்டவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு கட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் திறக்கப்பட்ட பிறகுதான் இந்த ஆற்றுத் தண்ணீர் இரண்டு மாவட்டத்து ஊர்களுக்கும் வந்தது. நீங்கள் குளிக்கிற ஆற்றிலிருந்துதான் என் வீட்டுக் குழாய்க்கு வருகிறது.

மீன் சாப்பாடு

இங்கே உணவகத்தில் மட்டும்தான் மீன் சாப்பிட வேண்டும் என்றில்லை. மீன் கடையில் பிடித்த மீனை எடைபோட்டு வாங்கி, அடுப்பு வைத்திருக்கும் பெண்களிடம் கொடுத்தால் குழம்பு வைத்து, வறுத்துத் தருவார்கள். சமையல் கூலி தனி. கட்லா, ரோகு, கெளுத்தி, ஜிலேபி, வாளை என்று கிடைக்கும். குழம்புக்குக் கெளுத்தி, வறுவலுக்கு ஜிலேபி என்பது என் விருப்பம்.

வந்து இறங்கிய உடனேயே போய்ச் சொல்லி வையுங்கள். “அக்கா, ஒரு மணிக்கு வந்துடறோம், நாலு பேருக்கு” என்று சொல்லி, காரம் எவ்வளவு வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டால், நீங்கள் பரிசலில் போய்க் குளித்துவிட்டு வரும்போது குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக இருக்கிற மீனாகப் பாருங்கள். ஆற்றில் பிடித்ததா, வளர்ப்பு மீனா என்று கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள்.

ஆடியில் வருகிறவர்களுக்கு

ஆடிப்பெருக்கு எங்களுக்குப் பெரிய நாள். ஆடி 18 அன்று சுற்றுவட்டார ஊர்களிலிருந்து சாமிகளையும் சாமிகளின் ஆயுதங்களையும் எடுத்துவந்து காவிரியில் நீராட்டுவார்கள். புதுமணத் தம்பதிகள் தாலிக் கயிறு மாற்றிக்கொள்வார்கள். பம்பைச் சத்தம் பாறையில் மோதித் திரும்பி வரும். அரசும் விழா எடுக்கும். ஆனால் அது தென்மேற்குப் பருவமழைக் காலம். பரிசலும் குளியலும் தடைபட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. திருவிழாவைப் பார்க்க என்று வந்தால் மனம் நிறையும். பரிசலுக்காக என்றால் வேறு மாதம் வாருங்கள்.

மீதி நேரம் இருந்தால் முதலைகள் மறுவாழ்வு மையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம். தேசநாதீஸ்வரர் கோயில் கரையை ஒட்டியே இருக்கிறது. இரண்டு நாள் தங்குகிறவர்கள் திரும்பும் வழியில் பாப்பாரப்பட்டி போய், 1925-இல் அங்கே காலமான சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தைப் பாருங்கள். தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் இந்த மண்ணின் நடுகற்கள் இருக்கின்றன. தகடூர் என்ற பழைய பெயரும் அதியமானும் ஔவையும் பாடப்புத்தகத்திலிருந்து எழுந்து பக்கத்தில் வந்து நிற்பது அங்கேதான்.

திரும்புவது

அன்றே திரும்புவதானால் மாலை ஐந்து மணிக்குள் மலையேறத் தொடங்கிவிடுங்கள். இருட்டினால் யானை சாலையைக் கடக்கும். எதிரே யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், விளக்கைப் பாய்ச்சாமல், தூரத்திலேயே வண்டியை நிறுத்திக் காத்திருங்கள். அது போக விரும்பும் நேரத்தில் போகும். பேருந்தில் வந்தவர்கள் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தங்குகிறவர்களுக்குத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழக விடுதியும் தனியார் விடுதிகளும் இருக்கின்றன. விடுமுறை நாளானால் முன்பதிவு செய்துவிடுங்கள். தங்கினால் மாலையில் ஒருமுறை பரிசல் துறைக்கு நடந்து போங்கள். சீட்டுக் கூண்டு மூடியிருக்கும், கூட்டம் கலைந்திருக்கும். பரிசல்காரர்கள் அன்றைக்கு உரசிய இடத்தைக் கையால் தடவித் தேடி, நாளைக்குத் தார் வைக்க வேண்டிய இடத்தில் ஒரு குச்சியைச் செருகிவிட்டு, பரிசலைக் கவிழ்த்துப் போட்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள்.